சனிக்கிழமைக்காரி

அவள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே என் அம்மாவுக்குக் கை பரபரக்கும். ஒரு முறத்தையோ துவைத்த துணியையோ கொண்டுபோய் அவள் மடியில் போட்டுவிடுவாள். அவளும் மறுக்க மாட்டாள். கொடுத்ததை ஒழுங்காக முடித்துவிட்டு, மறுபடியும் அதே ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்வாள். தூங்க மாட்டாள், படிக்க மாட்டாள், யாரையும் கூப்பிட்டுப் பேசவும் மாட்டாள். உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான்.

"ஒரு வேல முடிஞ்சா அடுத்த வேல கண்ணுல படாதா உனக்கு?" என்று அம்மா ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"படுதுங்க. நாளைக்கும் அது அங்கதான இருக்கப்போவுது."

துடுக்காகச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னாள். அம்மாவுக்கு அதில்தான் கோபம் அதிகம்.

எழுபதுகளின் நடுப்பகுதி. போர்ட் பிளேரில் டெலானிபூர் மேட்டில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா துறைமுக ஆபீசில் கிளார்க். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து நான் கைக்குழந்தையாக இருக்கும்போது கப்பலேறி வந்தவர்கள். நிக்கோபார்ப் பக்கம் கட்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்த அப்பாவின் ஊர்க்காரர் ஒருவர் கடிதம் கொடுத்து அவளை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கட்சாலில் குடியமர்த்தப்பட்ட குடும்பம். அங்கேயும் ரப்பர்த் தோட்டம், இங்கேயும் ரப்பர்த் தோட்டம். அப்பா அம்மா இருவருக்கும் பால்வெட்டு வேலை. மகளுக்குப் போர்ட் பிளேரில் ஆசிரியப் பயிற்சி வகுப்பில் இடம் கிடைத்திருந்தது. தங்க ஒரு வீடு வேண்டும். நானும் அதே வகுப்பில்தான் சேர்ந்திருந்தேன். எனக்குப் பத்தொன்பது வயது, அவளுக்கு இருபத்திரண்டு.

அவள் பெயரை எழுத மனம் வரவில்லை. பயிற்சி முடித்துக் கட்சால் பள்ளிக்கூடத்துக்கே டீச்சராகப் போனாள் என்பதுவரை தெரியும். இரண்டு கடிதங்கள் வந்தன. பிறகு எனக்கு வடக்குப் பக்கம் போஸ்டிங், கல்யாணம், பிள்ளைகள். கடல் ஏறி வந்து அந்தத் தீவை அடித்துக்கொண்டு போன பிறகு பலரிடம் விசாரித்தேன். மாற்றலாகிப் போய்விட்டாள் என்றார் ஒருவர். இல்லை, அங்கேயே வீடு கட்டிக்கொண்டிருந்தாள் என்றார் இன்னொருவர். இருக்கிறாள் என்று எழுதுவதா, இருந்தாள் என்று எழுதுவதா என்றே தெரியாதபோது பெயரை மட்டும் எழுதி என்ன செய்ய.

எனக்கு இப்போது முழங்கால்கள் இரண்டும் போய்விட்டன. வகுப்பறையில் முப்பத்து மூன்று வருஷம் நின்றதில் போனவை என்கிறார் டாக்டர். உட்கார்ந்தே இருக்கச் சொல்லியிருக்கிறார். உட்காரும்போதெல்லாம் அவள் ஞாபகம்தான்.

எங்களுக்குச் சனிக்கிழமை அரைநாள் வகுப்பு. மணி அடித்ததும் நான் வீட்டுக்கு ஓடப் பார்ப்பேன். சனிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் துவைக்க, மெழுக, மாவாட்ட என்று ஒரு பட்டியலே காத்திருக்கும். அவள் என் பையின் வாரைப் பிடித்துக்கொள்வாள்.

"கொஞ்சம் உக்காந்துட்டுப் போவமே."

இப்படித்தான் அந்தச் சனிக்கிழமைகள் ஆரம்பித்தன. அந்த வருஷம் மெயின்லாண்டிலிருந்து ஒரு ஓவியக் கண்காட்சி கப்பலில் வந்தது. கல்கத்தாவிலும் மெட்ராஸிலும் வரைந்த படங்கள். ஒரு பள்ளிக்கூட ஹாலில் கயிறு கட்டி மாட்டியிருந்தார்கள். ஒரு வாரம்தான் என்று சொன்னார்கள். ஆனால் படங்களைத் திருப்பி எடுத்துப்போக வேண்டிய கப்பல் ரிப்பேராகிவிட்டது. ஒரு வாரம் இரண்டு மாதமாயிற்று. முதல் வாரம் பெரிய அதிகாரிகள் வந்தார்கள், பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டினார்கள். அதன் பிறகு யாரும் வரவில்லை. வாசலில் ஒரு ராஞ்சிக்காரக் காவலாளி மட்டும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் போவோம்.

முதல் நாள் நான் பத்து நிமிஷத்தில் மொத்தப் படத்தையும் பார்த்து முடித்துவிட்டு வாசலில் வந்து நின்றேன். அவள் வரவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தால் மூன்றாவது படத்தின் முன்னால் இருக்கிறாள்.

"மிச்சத்தப் பாக்கலியா?"

"இன்னைக்கு இது போதும். அடுத்த சனிக்கெழம இன்னும் மூணு பாக்கலாம். ஒரே நாள்ல பாத்தா ஒண்ணும் தங்காது."

மூன்றாவது வாரம் அந்தக் காவலாளி தன் ஸ்டூலையே தூக்கிக்கொண்டு வந்து அவள் பின்னால் போட்டார். "பைட்டோ பிட்டியா, பைட்டோ" என்றார். அவள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தாள். அதன்பிறகு வாரந்தோறும் அவர் நிற்பார், அவள் உட்கார்ந்து பார்ப்பாள். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அதில் ஒரு படம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு பெண் ஜன்னலருகே உட்கார்ந்திருப்பாள். வேறு ஒன்றும் இல்லை. அதன் முன்னால்தான் அவள் அதிக நேரம் இருந்தாள்.

"இவ கையில ஒண்ணுமே இல்ல பாத்தியா? பூ இல்ல, கொடம் இல்ல, புள்ள இல்ல. பொம்பளய வரஞ்சா கையில என்னத்தயாவது குடுத்துருவாங்க."

"வரஞ்சவருக்குக் கையில எதயும் வரைய வரலயோ என்னவோ" என்றேன்.

அவள் சத்தம்போட்டுச் சிரித்தாள். காவலாளியும் என்னவென்று தெரியாமலே சிரித்தார்.

அங்கிருந்து சர்ச்சுக்குப் போவோம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்காகச் சனி மத்தியானம் பாட்டுப் பழகுவார்கள். தூத்துக்குடிப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண்கள்தான் பெரும்பாலும். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

"நம்ம சாமி இல்லியே" என்று நான் முதலில் கிசுகிசுத்தேன்.

"நம்ம பாட்டா இருக்கே" என்றாள்.

ஒரே வரியை ஏழெட்டுத் தடவை தப்பாகப் பாடி, ஒன்பதாவது தடவை சரியாகப் பாடுவார்கள். அந்த ஒன்பதாவது தடவைக்காக அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பாள். பாட்டை நடத்திய அக்கா ஒருவர், லம்பா லைனில் வீடு, ஒருநாள் வந்து, "பாட வாறியாம்மா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. எனக்குக் கேக்கத்தான் வரும்."

கடைசியாக அபர்டீன் பஜாரில் ஒரு காபிக்கடை. மலையாளி ஒருவர் நடத்தினார். காபித்தூள் கப்பலில் வரவேண்டும். கப்பல் பிந்தினால் காபி இல்லை, டீதான். பெண்கள் வந்தால் உட்காரப் பின்னால் திரை போட்ட ஒரு மேஜை உண்டு. நாங்கள் முதல் தடவை போனபோது அவர் திரையை விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இங்க ரேடியோ கேக்காதே" என்று சொல்லிவிட்டு ரோட்டோரம் இருந்த முன்மேஜையில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்த ஆம்பிளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, துணியால் மேஜையைத் துடைத்துவிட்டுப் போனார்.

நாலு மணிக்கு மேல் இலங்கையிலிருந்து தமிழ் ஒலிபரப்பு வரும். கடல் இரைச்சலுக்கு நடுவில் பாட்டு மேலே வரும், அமுங்கிப்போகும், மறுபடி வரும். அவள் பிறந்து வளர்ந்து, வேண்டாம் என்று அனுப்பப்பட்ட நாட்டிலிருந்து வருகிற குரல். அறிவிப்பாளர் பேசும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஊரு ஞாபகம் வருதா?"

"இல்ல. பாட்டுக் கேக்குறேன்."

எங்கள் தீவில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வெயில் இறங்குவதைப் பார்த்து நான் பையைத் தோளில் மாட்டிக்கொள்வேன். அவள் டம்ளரின் அடியில் கிடக்கும் சர்க்கரையைக்கூட விடாமல், சாவகாசமாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். இரண்டு மாதம் இது நடந்தது. வீட்டில் நான் சொன்னது, சனிக்கிழமையும் சாயங்காலம்வரை வகுப்பு என்று.

அப்பாவின் ஆபீஸ்காரர் ஒருவர் எங்களை முன்மேஜையில் பார்த்துவிட்டார்.

அன்று அப்பா சட்டையைக் கழற்றாமலே வந்து நின்றார். "பஜார்ல, ஆம்பிளைங்களுக்கு நடுவுல, காபிக்கடையில உக்காந்திருந்தியாமே? கிளாஸ் இருக்குன்னு சொன்னியே, அது இதுதானா?"

என் வாயிலிருந்து ஒரு நொடியில் வந்தது. "அவதான் கூப்பிட்டா. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

அவள் அடுக்களையில் இருந்தாள். கேட்டிருக்கும். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஆமாங்க. நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன்."

அப்பா நல்ல மனிதர். கத்துவதற்குக்கூட அவருக்குக் கொஞ்சம் நேரமெடுக்கும். "கட்சால்ல உன் அப்பனும் ஆத்தாளும் இருட்டோட எந்திரிச்சு மரம் மரமாப் போறாங்க. அரே, அந்தக் காட்டுல பூரான் கடியும் அட்டைக் கடியுமா நின்னு பால் வெட்டுறாங்க. நீ இங்க படம் பாத்துக்கிட்டு, பாட்டுக் கேட்டுக்கிட்டு, காபி குடிச்சுக்கிட்டு இருக்க. உனக்கு உறுத்தலயாம்மா?"

எவ்வளவு சொன்னால் போதும் என்று அவள் யோசித்ததாகத் தோன்றியது.

"அவுங்க நிக்கிறது எனக்குத் தெரியுங்க. நானும் நின்னவதான். பன்னெண்டு வயசுலேர்ந்து ஸ்கூல் லீவெல்லாம் அம்மாகூடப் பால் வாளி தூக்கியிருக்கேன். தோட்டத்துல உக்காந்தா கங்காணி வருவாரு. லயத்து வீட்டுல உக்காந்தா அடுப்பு வேல இருக்கும். எங்கம்மா உக்காந்து நான் பாத்ததே கெடையாதுங்க. இங்க வந்துதான் எனக்கு ஒரு அரநாளு கெடச்சிருக்கு. அதுல நான் உக்காந்தா யாருக்கு என்ன கொறஞ்சிரும்?"

அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். அம்மாதான் முன்னால் வந்தாள். "பேச்சப் பாரு. போதும்டியம்மா. எம்பொண்ணையும் கெடுத்துராத. இந்த மாசத்தோட வேற இடம் பாத்துக்க."

அவள் மாதம் முடிகிறவரைக்கூட இருக்கவில்லை. சர்ச்சில் பாட்டு நடத்தும் அக்காவின் லம்பா லைன் வீட்டில் ஒரு மூலை கிடைத்தது. தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கும்போது என்னிடம், "திங்கக்கெழம கிளாஸ்ல பாப்போம்" என்றாள். வழக்கமான குரல்தான். ஒரு வார்த்தையாவது திட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அன்றுமுதல் சனிக்கிழமைகளில் நான் மாவாட்டினேன்.

பரீட்சைக்கு ஆறு நாள் இருக்கும்போது அந்தச் செய்தி வந்தது. கட்சாலிலிருந்து வயர்லெஸ் மூலம், அப்பாவின் ஆபீசுக்கு. தாய்க்கு ஆபத்தான நிலை, உடனே புறப்படவும். நிக்கோபார் கப்பல் மறுநாள் காலையில் கிளம்புகிறது. அதை விட்டால் எப்போது என்று சொல்ல முடியாது. அப்பா மத்தியானச் சாப்பாடுகூடச் சாப்பிடாமல் அலைந்து அவளுக்கு ஒரு டெக் டிக்கெட் பிடித்துவிட்டார். "நீ போய்க் கூட்டிட்டு வா. ராத்திரி நம்ம வீட்டுலயே படுத்துக்கட்டும், காலையில நான் ஏத்திவிடுறேன்" என்று என்னை அனுப்பினார். அம்மாகூட அவசரமாகப் புளிச்சோறு கிளறினாள், கப்பலுக்குக் கட்டிக்கொடுக்க.

லம்பா லைனுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தாளை வாங்கிப் படித்தாள். மடித்தாள். மறுபடி பிரித்துப் படித்தாள். பிறகு இரண்டு கையையும் பக்கத்தில் ஊன்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"கெளம்பு" என்றேன். "அப்பா டிக்கெட் வாங்கிட்டாரு."

அவள் அசையவில்லை.

"ஏய், கெளம்புடி. ஜல்தி."

"நான் போவல" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவளே மெதுவாகச் சொன்னாள். "நான் கப்பலேறி வாற அன்னைக்கு எங்கம்மா சொல்லி அனுப்புச்சு. பரீட்ச முடியாமத் திரும்பிக் கப்பல் ஏறாத. நான் செத்துட்டேன்னு தந்தி வந்தாலும் ஏறாத. ஏறுனா அப்புறம் வாளியத் தூக்கிக்கிட்டு நீயும் மரத்தடியிலதான் நிப்பேன்னு சொல்லுச்சு."

"அது சும்மா பேச்சுக்குச் சொல்றதுடி."

"எங்கம்மா பேச்சுக்குன்னு ஒண்ணும் சொல்லாது."

நான் கோபத்தில் என்னென்னவோ கேட்டேன். பெற்ற தாயைவிடப் பரீட்சை பெரிதா என்று கேட்டேன். பாட்டு நடத்தும் அக்கா என்னைத் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். அப்பா டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். "என்ன பொண்ணும்மா இது" என்று மட்டும் சொன்னார். புளிச்சோற்றை நாங்கள் சாப்பிட்டோம்.

அந்த வாரம் வகுப்பில் யாரும் அவளிடம் பேசவில்லை. நானும்தான். அந்தச் சனிக்கிழமை அம்மாவுடன் பஜாருக்குப் போனேன். காபிக்கடை முன்மேஜையில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"பாத்தியா, நெஞ்சழுத்தத்த!" என்றாள் அம்மா. "ஆத்தா சாகக் கெடக்கா, இவளுக்குக் காபி கேக்குது."

நான் பார்த்தேன். காபியில் ஆடை படிந்து சுருங்கிக் கிடந்தது. அவள் தொடவே இல்லை. கண் ரோட்டில் இருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். அவள் எழுந்துவிடக்கூடாது என்று தன்னைத்தானே பிடித்து உட்கார வைத்திருந்தாள் என்று இப்போது படுகிறது. எழுந்தால் துறைமுகத்துக்குத்தான் ஓடியிருப்பாள். அங்கே கப்பலும் இல்லை.

நாலு நாள் பரீட்சை. எழுதினாள். எனக்கு இரண்டு வரிசை முன்னால் அவள் முதுகு தெரிந்துகொண்டே இருந்தது. ஒரு தடவைகூடக் குனிந்து அழவில்லை, ஒரு தடவைகூட நேரத்துக்கு முன்னால் எழுந்துபோகவில்லை.

பரீட்சை முடிந்த மூன்றாம் நாள் கப்பல் திரும்பியது. அதில் அவளுடைய அம்மாவை ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். கப்பல் தெற்கே போய்விட்டுத் திரும்பும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். அங்கிருந்த டாக்டர், இனி இங்கே வைத்துப் பார்க்க முடியாது என்று ஏற்றிவிட்டார். வயிற்றில் கட்டி. வந்த அன்றே ஆபரேஷன்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்பா போகச் சொன்னார் என்று சொல்லிக்கொண்டுதான் போனேன். கட்டிலில் ஒரு பிடிதான் இருந்தார் அந்த அம்மாள். கட்டிலுக்குப் பக்கத்தில் அவளுடைய அப்பா, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குற்றவாளிபோல நின்றார்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "நீதான் இவகூடப் படிக்கிற புள்ளயா?" என்றார். "இவ பரீட்சய முழுசா எழுதுனாளா? எல்லாம் எழுதுனேங்குறா. நெசமா?"

"எழுதுனாங்க அம்மா. நாலு நாளும்."

கண்ணை மூடித் திறந்தார். கணவரைக் காட்டி, "இந்த மனுசன் நான் மயங்கிக் கெடக்கையில செய்தி அனுப்பிட்டாரு. படிச்சுப் படிச்சுச் சொன்னேன், அனுப்பாதீங்கன்னு. அவ ஏறிருவாளோ ஏறிருவாளோன்னு கெடந்தேன். நம்ம துறைக்குக் கப்பல் வந்து, படகுல இவ எறங்கலன்னு சொன்னாங்க பாரு, அப்பத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு" என்றார்.

அவள் அம்மாவின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்கு இடம் தராமல் இருந்தது இரக்கமா தண்டனையா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட பிறகு அடுத்த கப்பலுக்காக லம்பா லைன் வீட்டில் காத்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை காய்கறி வாங்க நான் தனியாகப் பஜாருக்கு வந்தேன். காபிக்கடை வாசலில் அவள் அம்மாவின் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டு படியேற்றிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் திரையைத் தொடவில்லை. முன்மேஜையின் நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

அந்த அம்மாள் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கடையைச் சுற்றிப் பார்த்தார். மகள் அழுத்தி உட்கார வைத்ததும் நுனியில் உட்கார்ந்தார்.

"யாராச்சும் வந்து எந்திரிக்கச் சொல்லுவாங்களாடி?"

"சொல்ல மாட்டாங்கம்மா. நல்லா உக்காரு."

அப்போதுதான் வாசலில் நின்ற என்னை அவள் கவனித்தாள். மூன்றாவது நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். "வா. கொஞ்சம் உக்காந்துட்டுப் போ. இன்னைக்குக் காபி இருக்காம்."

அவளிடம் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. அன்றைக்கு அப்பாவிடம் அப்படிச் சொன்னதைப் பற்றி, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்ததைப் பற்றி. உட்கார்ந்தால்தான் அதையெல்லாம் பேச முடியும். ரோட்டில் தெரிந்த முகங்கள் போய்க்கொண்டிருந்தன.

"வீட்டுல வேல கெடக்கு" என்றேன்.

"சரி" என்றாள். வற்புறுத்தவில்லை. "உங்கப்பாகிட்டச் சொல்லு. டிக்கெட்டுக்கு அன்னைக்கு அவ்வளவு அலஞ்சாரு. நான் ஒரு வார்த்த சொல்லல."

தலையாட்டிவிட்டு ரோட்டைக் கடந்தேன். எதிர்ச்சாரியில் நின்று திரும்பிப் பார்த்தேன். காபி வந்திருந்தது. ரேடியோவில் இரைச்சலுக்கு நடுவே ஏதோ பாட்டு ஏறி வந்தது. அந்த அம்மாள் நாற்காலியின் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து, முதுகு பலகையில் பட்டதும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, சாய்ந்துகொண்டார். மகள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கண்ணை மூடிப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் பையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு மேடேறினேன்.